கேளுங்கள், சொல்கிறேன்: செம்புச் சீமைக்குப் போனவர்கள்

சென்ற இதழில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடக்கு மூலையில் இருக்கும் கீவினா தீபகற்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அங்கே செம்பு தோண்டப் போன ஐரோப்பியக் குடியேறிகளின் கதை. இந்தப் பகுதிக்கு வழக்கமாகத் தங்கம், வைரம், கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல் என்றுதான் கடிதம் வரும். இந்த முறை செம்புக்கே ஒரு கட்டு வந்திருக்கிறது. இடம் கொடுத்த மட்டும் பதில் சொல்கிறேன்.

“மேப்பில் தேடிப் பார்த்தேன். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நிலம். அங்கே போய் எதற்குச் சுரங்கம் வைத்தார்கள்? வேலைக்கு அந்த ஊர் ஆட்களே கிடைக்கவில்லையா?”
(ஆம்பூர் வாசகர்)

மற்ற இடங்களில் செம்பு பெரும்பாலும் தாதுவாகத்தான் கிடைக்கும். கந்தகமும் மற்றதும் கலந்த கல்லை உருக்கிப் பிரித்த பிறகுதான் உலோகம் கண்ணில் படும். கீவினாவில் செம்பு செம்பாகவே பாறைக்குள் கிடந்தது. சில இடங்களில் டன் கணக்கில் ஒரே கட்டி. கேட்க ஆசையாக இருக்கும்; தோண்டுகிறவனுக்குத் தலைவலி. அந்தக் கட்டி வெடிக்கு உடையாது, நசுங்கும், வளையும், அவ்வளவுதான். ஆட்களை உட்கார வைத்து உளியால் துண்டு துண்டாக வெட்டித்தான் மேலே கொண்டுவர வேண்டும்.

ஊர் ஆட்கள் இருந்தார்கள். அந்தச் செம்பைப் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே குழி தோண்டி எடுத்து, தட்டி, கத்தியும் ஈட்டி முனையும் செய்தவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்தவர்கள் ஓஜிப்வே மக்கள். 1841இல் டக்ளஸ் ஹௌட்டன் என்ற நிலவியலாளர், இங்கே செம்பு இருக்கிறது என்று மாநில அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1842இல் அவர்களோடு லா பாயிண்ட் ஒப்பந்தம், நிலம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. நடுவில் ஒரே ஒரு வருஷம், கவனியுங்கள். 1854இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு லான்ஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் அவர்களுக்கென்று ஒரு நிலத்தை ஒதுக்கினார்கள். அங்கே அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குடியேறியவர்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் பலர் இதை முதல் பாராவோடு முடித்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். நான் எழுதிய பக்கத்தில் அந்தப் பாராவும் இல்லை, அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

ஹௌட்டன் 1845இல், கீவினாவைச் சூழ்ந்த சுப்பீரியர் ஏரியில் படகு கவிழ்ந்து இறந்தார். அதே வருஷம் கிளிஃப் சுரங்கம் ஆரம்பித்தது. முதலில் லாபம் காட்டிய சுரங்கம் அதுதான். பிறகு குவின்ஸி, பிறகு எல்லாவற்றையும் தூக்கி அடித்த கலுமெட் அண்ட் ஹெக்லா. முதலாளிகள் பாஸ்டன்காரர்கள். 1871இலிருந்து 1910 வரை அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்த அலெக்ஸாண்டர் அகாசி, கடல் உயிரினங்களை ஆராய்ந்த விஞ்ஞானி. செம்புப் பணத்தை ஹார்வர்டு அருங்காட்சியகத்துக்கு அள்ளிக் கொடுத்தவர். உழைப்பு ஓரிடம், வசூல் ஓரிடம்.

இடம் எவ்வளவு ஒதுக்குப்புறம் என்றால், 1855இல் சூ கால்வாய் திறக்கும் வரை சுப்பீரியர் ஏரிக்குள் வெளியிலிருந்து கப்பல் நேராக வர வழியில்லை. அருவி மாதிரி பாயும் ஆற்றுப் பகுதியில் சரக்கை இறக்கி, தரைவழியாகச் சுமந்து, மறுபக்கம் வேறு கப்பலில் ஏற்றவேண்டும். குளிர்காலத்தில் அதுவும் கிடையாது. ஏரிப் போக்குவரத்து நின்றுவிடும். இலையுதிர் காலத்துக் கடைசிக் கப்பலில் வந்த மாவும் உப்புக்கண்டமும்தான் வசந்தம் வரை. இந்தக் காட்டுக்குச் சுரங்க வேலை தெரிந்தவன் தானாக வரமாட்டான், கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும்.

“நான் கே.ஜி.எஃப்.பில் பிறந்தவன். எங்கள் தாத்தா கார்னிஷ் துரைமார்களைப் பற்றி நிறையச் சொல்வார். நீங்கள் எழுதிய கார்ன்வால்காரர்களும் அவர்களும் ஒரே கூட்டம்தானா?”
(இராபர்ட்சன்பேட்டை வாசகர்)

ஒரே கூட்டம்தான் ஐயா. கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் நான் அந்தப் பக்கம் போனதே இந்த ஆசையில்தான். நான் கே.ஜி.எஃப்.பின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக் கம்பெனி லைன் வீட்டில் வளர்ந்து, சுரங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் விஸ்கான்சினில் இருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து காரில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால், காடு, காடு, காடு, திடீரென்று மரங்களுக்கு மேலே ஒரு ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் குழி) கட்டடம் தலைநீட்டும். பார்த்த உடனே ஊர் வந்துவிட்டது என்று மனசு சொன்னது. மகளுக்குச் சிரிப்பு.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் கார்ன்வாலில் (அந்த ஊர்க்காரன்தான் கார்னிஷ்காரன்) தகரமும் செம்பும் தலைமுறை தலைமுறையாகத் தோண்டினார்கள். 1866இல் அங்கே செம்புத் தொழில் விழுந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூட, ஆட்கள் குடும்பத்தோடு கப்பலேறினார்கள். தென் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, மிச்சிகன். உலகத்தில் எங்கே தரையில் ஓட்டை இருக்கிறதோ அதன் அடியில் ஒரு கார்னிஷ்காரன் இருப்பான் என்று ஒரு பேச்சே உண்டு. கீவினாவுக்கு அவர்கள் 1866க்கு முன்பே, 1840களிலேயே வர ஆரம்பித்துவிட்டார்கள். கோலாருக்கு 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தபோது கூடவே வந்தார்கள். இரண்டு இடத்திலும் சுரங்கத்தின் நிலத்தடி அதிகாரிக்கு ஒரே பேர்: கேப்டன். இரண்டு இடத்திலும் மெதடிஸ்ட் சர்ச்.

ஒரு வித்தியாசம் உண்டு. அது எனக்கு முக்கியமாகப் பட்டது. கோலாரில் ஏணி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மேலே ஐரோப்பியர், நடுவில் ஆங்கிலோ இந்தியர், அடியில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் வந்த நம் ஜனம், அதிலும் பெரும்பாலோர் தலித்துகள். தோலைப் பார்த்தே யார் எந்தப் படி என்று சொல்லிவிடலாம். கீவினாவில் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். அங்கேயாவது ஏணி இல்லாமல் இருக்கும் என்று நினைத்தால், அச்சாக அதே ஏணி. மேல்படி கார்னிஷ்காரன், அடிப்படி பின்லாந்துக்காரன், குரோவேஷியாக்காரன், இத்தாலிக்காரன்.

எப்படி நடந்தது என்றால், பாறையில் துளை போடும் மைனருக்கு, அதாவது சுரங்கத் தொழிலாளிக்கு, கான்ட்ராக்ட். இத்தனை அடி வெட்டினால் இத்தனை டாலர் என்று கேப்டனோடு பேசி முடிக்கவேண்டும். கேப்டன் கார்னிஷ்காரர். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவனுக்கு நல்ல பாறை போகும். பேச்சுப் புரியாத புது ஆளுக்குக் கருங்கல் மாதிரி ஒன்றைத் தள்ளிவிடுவார். ஆள் வேண்டும் என்றால், ‘ஊரில் என் கசின் ஜாக் இருக்கிறான், எழுதிப் போடட்டுமா?’ என்பார்களாம். கார்னிஷ்காரர்களுக்கே ‘கசின் ஜாக்’ என்ற பேர் நின்றுவிட்டது.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பாஸ்டி என்று பேர். மைதா மாவை வட்டமாகத் தட்டி, மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ரூட்டபேகா என்ற மஞ்சள் கிழங்கு எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக நறுக்கிப் பச்சையாகவே உள்ளே வைத்து, அரை வட்டமாக மடித்து, ஓரத்தைக் கயிறு மாதிரி முறுக்கி அடுப்பில் சுடுவார்கள். உள்ளே இருக்கிறது தன் நீரிலேயே வேகும். சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினால் மத்தியானம் வரை கொஞ்சம் சூடு இருக்கும். ஆறிப்போனால் மண்வெட்டியில் வைத்து அடியில் மெழுகுவர்த்தியைக் காட்டுவார்கள் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். பின்னால் வந்த பின்லாந்துக்காரர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கேரட்டும் போட ஆரம்பித்தார்கள். கேரட் போடலாமா கூடாதா, மேலே கெச்சப்பா கிரேவியா என்று இன்று வரை அந்த ஊரில் சண்டை ஓயவில்லை. என் ஓட்டு கெச்சப்புக்கு. மிளகாய்த் தூள் கையில் இருந்தால் அதற்கும் ஒரு ஓட்டு.

“பின்லாந்து எங்கே, மிச்சிகன் எங்கே? அவ்வளவு பேர் ஏன் அந்த ஒரே இடத்துக்குப் போனார்கள்?”
(திண்டிவனம் ஆசிரியை)

முதலில் வந்தவர்கள் பின்லாந்திலிருந்து நேராக வரவில்லை அம்மா. நார்வேயின் வடகோடியில் செம்புச் சுரங்கத்திலும் மீன்பிடியிலும் பிழைத்துக்கொண்டிருந்த பின்னியர்கள் (பின்லாந்துக்காரர்கள்) அவர்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது ஆள் பஞ்சம். குவின்ஸி கம்பெனிக்காக ஏஜென்ட் நார்வே வரை போய் ஆள் பிடித்தார். 1864, 1865இல் முதல் கூட்டம் வந்து இறங்கியது. கங்காணி கடல் தாண்டிப் போய் ஆள் பிடித்த கதை நமக்குப் புதிதா என்ன? அதன்பிறகு சொந்தக்காரன் சொந்தக்காரனுக்கு எழுத, பின்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து ஊர் ஊராகக் கிளம்பினார்கள். அங்கே மூத்த பிள்ளைக்கு நிலம், மற்றவனுக்குக் கூலி வேலை. பின்லாந்து அப்போது ரஷ்யச் சக்கரவர்த்தியின் கீழே இருந்தது. 1901இல் ரஷ்யப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்ததும் வாலிபர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

வந்தவனுக்குக் கிடைத்த வேலை டிராம்மர். வெடித்து விழுந்த பாறையை அள்ளி இரும்பு வண்டியில் நிரப்பி, தண்டவாளத்தில் கையால் தள்ளிக்கொண்டு ஷாஃப்ட் வரை போய்க் கவிழ்க்கவேண்டும். வண்டி நிறைந்தால் இரண்டரை டன் வரும். மட்டக்குதிரைகள் செய்யவேண்டிய வேலை. ஆள் மலிவு, அதனால் ஆளே தள்ளினான். மண்வெட்டிக்கு அடங்காத கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் போடவேண்டும். மைனர் வேலைக்குக் கை நுட்பம் வேண்டும் என்று கார்னிஷ்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் வண்டி தள்ளுகிறவனுக்கு அந்த நுட்பத்தைச் சொல்லிக் கொடுக்க யாருக்கும் அவசரம் இல்லை.

மேலே வந்தால் சௌனா. மரத்தால் ஒரு சின்ன அறை, உள்ளே கல்லடுப்பு, பழுக்கக் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி. வீடு கட்டும் முன்னால் சௌனாவைக் கட்டி, வீடு முடியும் வரை அதிலேயே குடியிருந்த குடும்பங்கள் உண்டு. பிள்ளைப்பேறும் அதிலேதான் நடக்கும். பக்கத்து வீட்டு வேற்று மொழிக்காரர்கள் இதென்னடா என்று பார்த்திருப்பார்கள்.

பின்னியர்கள் ஒரே கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். சர்ச்சுக்குப் போகிறவர்களிலேயே மூன்று பிரிவு, ஒருவரை ஒருவர் பார்த்தால் முகம் கொடுக்கமாட்டார்கள். மதுவிலக்குச் சங்கத்துக்காரர்கள் தனி. சோஷலிஸ்டுகள் தனி. 1896இல் சர்ச்சுக்காரர்கள் ஹேன்காக் ஊரில் சுவோமி கல்லூரியை ஆரம்பித்தார்கள். 1904இல் அதே ஊருக்கு ‘டியோமியேஸ்’ என்ற சோஷலிஸ்ட் பத்திரிகை அச்சு இயந்திரத்தோடு வந்து இறங்கியது. சின்ன ஊர், இரண்டு கட்சியும் ஒரே கடையில்தான் காபிக்கொட்டை வாங்கியாகவேண்டும்.

அந்தச் சிவப்புக் கட்சியின் கதை இன்னும் தூரம் போகிறது. 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் வேலை போன சமயம், பின்லாந்தை ஒட்டிய சோவியத் கரேலியாவில் தொழிலாளர் ராஜ்யம் கட்டலாம் என்று அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் 6,000 பின்னியர்களுக்கு மேல் கிளம்பிப் போனார்கள். காரையும் ரம்பத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். 1937, 38இல் ஸ்டாலினின் போலீஸ் அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றது. மிச்சிகன் குளிருக்குத் தப்பியவன் அங்கே தப்பவில்லை.

“ஏலக்காய் போட்ட ரொட்டி என்று எழுதியிருந்தீர்கள். நம்மூர் ஏலக்காய் அந்தப் பனிக்காட்டுக்கு எப்படிப் போயிற்று?”
(போடிநாயக்கனூர் வாசகி)

போடியிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். பின்னியர்கள் நிசு என்று சொல்லும் இனிப்பு ரொட்டி அது. மாவைப் பின்னல் போட்டுச் சுடுவார்கள், ஏலக்காயை ஒன்றிரண்டாக இடித்துப் போடுவார்கள். வட ஐரோப்பாவில் ஏலக்காய் நம்மைப்போலவே இனிப்புக்கு வைத்திருக்கும் வாசனை. குடியேறியவர்கள் அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்குப் போன ஏலக்காயில் பெரும்பகுதி நம் மேற்கு மலையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனதுதான். இன்று அமெரிக்கக் கடையில் இருப்பது அநேகமாகக் குவாத்தமாலா சரக்கு. ஹேன்காக்கில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்ததும் எனக்குப் பாயச வாசனை அடித்தது, அதுவும் உண்மை.

“இத்தனை நாட்டு ஆட்கள் ஒரே ஊரில் ஒற்றுமையாக இருந்தார்கள் என்பது இன்றைக்குப் பாடமாக இருக்கவேண்டியது அல்லவா?”
(கும்பகோணம் வாசகர்)

நல்ல எண்ணத்தில் கேட்கிறீர்கள். ஊர் விளம்பரத் தாள்களும் இதையேதான் சொல்கின்றன. ஆனால் கலுமெட் ஊரில் ஒரு சுற்று நடந்தால் வேறு கதை தெரியும். கத்தோலிக்கர்கள் எல்லாருக்கும் ஒரே போப்பாண்டவர்தானே? கூப்பிடு தூரத்துக்குள் ஆறு மாதா கோயில். ஐரிஷ்காரர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் ஒன்று, பிரெஞ்சு கனடியர்களுக்கு ஒன்று, போலந்துக்காரர்களுக்கு ஒன்று, ஸ்லோவேனியர்களுக்கு ஒன்று, குரோவேஷியர்களுக்கு ஒன்று, இத்தாலியர்களுக்கு ஒன்று. பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது) சொந்த மொழியில்தானே சொல்லமுடியும் என்பது நியாயம். கம்பெனியும் சர்ச்சுகளுக்கு நிலம் கொடுத்து உதவியது. நூலகம், மருத்துவமனை, குளியல் கூடம் எல்லாம் கம்பெனி கட்டியதே. தர்மம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். ஆறு கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு சங்கத்தில் சேர நாளாகும் என்பது கம்பெனிக்காரனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வீட்டு மனையும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். லைன் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கவேண்டாம்.

“1913 வேலைநிறுத்தத்தை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். தொழிற்சங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன், என்னதான் நடந்தது?”
(மதுரை வாசகர்)

நாலு வரி போதாதுதான்.

சண்டை ஆரம்பித்தது ஒரு இயந்திரத்தில். அதுவரை பாறையில் துளை போடும் டிரில்லுக்கு இரண்டு ஆள். கம்பெனிகள் ஒரே ஆள் பிடிக்கும் டிரில்லைக் கொண்டுவந்தன. அதுவும் கிட்டத்தட்ட 70 கிலோ. ஒரு ஆளுக்கு வேலை போகிறது, அது ஒன்று. இன்னொன்று பயம். இருட்டில், நிலத்துக்கடியில், பக்கத்தில் துணை இல்லாமல் ஒருத்தன். மேலிருந்து பாறை விழுந்தால் கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது. அந்த இயந்திரத்துக்கு ‘விதவையாக்கி’ என்று பேர் வைத்தார்கள். சுரங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கீழே துணையாள் என்பது பேச்சுத் துணைக்கு அல்ல.

1913 ஜூலை 23ஆம் தேதி வேலைநிறுத்தம். நடத்தியது மேற்கு மாநிலங்களின் சுரங்கத் தொழிலாளர் சங்கம். எட்டு மணி நேர வேலை, நாளுக்குக் குறைந்தது 3 டாலர், டிரில்லுக்கு இரண்டு ஆள், சங்கத்துக்கு அங்கீகாரம். கலுமெட் அண்ட் ஹெக்லாவின் மேலாளர் ஜேம்ஸ் மக்நாட்டன் கடைசி ஒன்றுக்கு எந்தக் காலத்திலும் சம்மதிப்பதாக இல்லை. ஆளுநர் மாநிலப் பட்டாளத்தை அனுப்பினார். பின்னியர், குரோவேஷியர், ஸ்லோவேனியர், இத்தாலியர் எல்லாரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். கார்னிஷ்காரர்களில் பெரும்பாலோர் கம்பெனிப் பக்கம், அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர். ஆகஸ்ட் 14ஆம் தேதி சீபர்வில் என்ற இடத்தில் விடுதி வீட்டுக்குள் கம்பெனி ஆட்கள் சுட்டு இரண்டு குரோவேஷியத் தொழிலாளிகள் செத்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், டிசம்பர் 24. ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. சங்கத்தின் பெண்கள் பிரிவு, பிள்ளைகளுக்காக இத்தாலியன் ஹால் என்ற கட்டடத்தின் மாடியில் ஒரு விழா வைத்தது. மிட்டாயும் சின்னச் சின்னப் பரிசுகளும். நானூறு பேருக்கு மேல் கூட்டம். யாரோ ‘நெருப்பு’ என்று கத்தினார்கள். நெருப்பு இல்லை. தெருவுக்கு இறங்கும் படிக்கட்டை நோக்கி எல்லாரும் ஓடினார்கள். முன்னால் போனவர்கள் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழ, படிக்கட்டு அடைத்துக்கொண்டது. 73 பேர் செத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 59 பேர் குழந்தைகள். பெரும்பாலும் பின்னியக் குடும்பங்கள்.

கதவு உள்பக்கம் திறந்ததால்தான் சாவு என்று பல இடங்களில் படிப்பீர்கள். கட்டடத்தை ஆராய்ந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. படிக்கட்டு ஒன்றே போதும் என்கிறார்கள். கத்தியவன் யார் என்பது இன்று வரை நிரூபணமாகவில்லை. கம்பெனிக்கு ஆதரவான குடிமக்கள் கூட்டமைப்பின் பேட்ஜ் அணிந்திருந்தான் என்று சாட்சி சொன்னவர்கள் உண்டு. என்னை உறுத்துவது அந்த விசாரணை. மரண விசாரணையில் ஆங்கிலம் தெரியாத சாட்சிகளையும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளை, அவளுக்கு வராத பாஷையில் கேள்வி கேட்டால் என்ன உண்மை வெளிவரும்? கடைசியில் யார் மேலும் குற்றம் இல்லை.

கூட்டமைப்புக்காரர்கள் சுமார் 25,000 டாலர் நிதி திரட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டிலும் வாங்கவில்லை. சங்கத் தலைவர் சார்ல்ஸ் மோயரை டிசம்பர் 26ஆம் தேதி ஓட்டலில் அடித்து, சுட்டுக் காயப்படுத்தி, ரயிலில் ஏற்றி ஊரை விட்டே அனுப்பினார்கள். லேக்வியூ கல்லறையில் சவக்குழிகளைக்கூட கத்தோலிக்கருக்குத் தனியாக, புராட்டஸ்டன்டுக்குத் தனியாகத்தான் வெட்டினார்கள்.

1914 ஏப்ரலில் வேலைநிறுத்தம் முடிந்தது, சங்கம் தோற்றது. வேலை நேரம் மட்டும் குறைந்திருந்தது. அந்த ஜனவரியில்தான் டெட்ராய்ட்டில் ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்திருந்தார். பையன்கள் சும்மா இருப்பார்களா? கூட்டம் கூட்டமாகத் தெற்கே போனார்கள். பின்லாந்துக்காரன் என்றாலே கலகக்காரன் என்று பேர் விழுந்துவிட, பலர் காட்டை வெட்டிய நிலத்தில் அடிமரத்தைப் பிடுங்கி உருளைக்கிழங்கு போட்டார்கள். டோய்வோலா, டாப்பியோலா என்று பின்னியப் பெயரோடு அந்தக் கிராமங்கள் இன்றும் இருக்கின்றன.

“சென்ற இதழில் போட்ட வேலைநிறுத்தப் படத்தில் கொடி பிடித்து நடந்த பெண் யார்? படத்தின் கீழே பேர் போடவில்லையே?”
(வேலூர் கல்லூரி மாணவி)

ஆனி கிளெமென்ஸ். கலுமெட்டிலேயே 1888இல் பிறந்தவர், ஸ்லோவேனியப் பெற்றோருக்கு. சுரங்கத் தொழிலாளியின் மனைவி. ஆறடிக்கு மேல் உயரம். தினமும் காலை ஊர்வலத்துக்கு முன்னால் பெரிய அமெரிக்கக் கொடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடப்பார். நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று பட்டாளத்துக்குக் காட்ட அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. இத்தாலியன் ஹால் விழாவை ஏற்பாடு செய்தவரும் அவரே. பிறகு சிகாகோவுக்குப் போய்விட்டார்; 1956இல் காலமானார்.

மற்றப் பெண்களைப் பற்றிப் படம்கூடக் கிடையாது. தனியாட்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்ட விடுதி வீடுகளை நடத்தியவர்கள் அவர்கள். பகல் ஷிப்ட்காரன் எழுந்த கட்டிலில் இரவு ஷிப்ட்காரன் வந்து படுப்பான். செம்மண்ணும் எண்ணெயும் படிந்த துணி தினமும் ஒரு மலை. டிராம்மரின் கூலியில் குடும்பம் நடந்ததற்கு இந்தக் கணக்கையும் சேர்க்கவேண்டும்.

“அங்கே தமிழர்கள் யாராவது?”
(சிங்கப்பூர் வாசகர்)

சுரங்கக் காலத்தில் இல்லை. இன்று ஹௌட்டன் என்ற ஊரில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். 1885இல் சுரங்கப் பள்ளியாக ஆரம்பித்ததுதான் அது.

“இப்போது அங்கே என்ன மிச்சம்? குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாமா?”
(கோயம்புத்தூர் வாசகர்)

கலுமெட் அண்ட் ஹெக்லா 1968இல் ஒரு வேலைநிறுத்தத்தோடு கடையை மூடியது. 1910இல் ஹௌட்டன் கவுண்டியில் (கவுண்டி நம் மாவட்டம் மாதிரி) 88,000 பேர். இன்று 37,000 பேர் இருக்கலாம். நம் தங்கவயல் 2001 பிப்ரவரி 28இல் மூடினாலும் பெங்களூரு ரயில் தூரத்தில் இருந்தது. விடிகாலை ரயிலேறி வேலைக்குப் போய் இரவு திரும்பினார்கள், திரும்புகிறார்கள். கீவினாவுக்குப் பக்கத்தில் பெங்களூரு எதுவும் கிடையாது. அதனால் போனவன் போனவன்தான். இருப்பவர்களில் பின்னிய வம்சம் கணிசம். ஹேன்காக்கில் தெருப்பலகை இரண்டு மொழியில் இருக்கும். ஜனவரிக் கடைசியில் ஹெய்க்கின்பைவா என்று குளிர்காலத் திருவிழா நடத்துகிறார்கள். சுவோமி கல்லூரி ஃபின்லாண்டியா பல்கலைக்கழகமாகி, 2023இல் மூடிவிட்டது. இத்தாலியன் ஹாலை 1984இல் இடித்தார்கள்; வாசல் வளைவை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

தாராளமாகப் போகலாம். ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். ஜூனில் கடிக்கிற ஈ ஒன்று உண்டு, பிள்ளைகள் அழுதுவிடும். குளிர்காலம் வேண்டவே வேண்டாம். 1978-79இல் மட்டும் 390 அங்குலம் பனி விழுந்திருக்கிறது, அதைக் காட்ட நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய அளவுகோலையே நட்டுவைத்திருக்கிறார்கள். குவின்ஸி சுரங்கத்தை அவசியம் பாருங்கள். 1920இல் வைத்த நீராவி ஹாயிஸ்ட் (சுரங்கத்திலிருந்து மேலே இழுக்கும் இயந்திரம்) உலகத்திலேயே பெரியது. அதன் கயிறு சுற்றும் டிரம்மைச் சுற்றி வரவே நேரமாகும். சுரங்கத்துக்குள்ளும் கூட்டிப் போவார்கள். நம் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், அந்த நினைப்பில் நான் மெல்லிய சட்டையோடு போக இருந்தேன், மகள் விடவில்லை. அங்கே உள்ளே 6 டிகிரி. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் பாஸ்டி கடையில் முன்கூட்டியே கேளுங்கள், காய்கறி பாஸ்டி சில இடங்களில் போடுகிறார்கள்.